சந்திரன்களிலும் கோள்களிலும் மோதல் பள்ளங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருக்கும் தொடர்மாடியின் மொட்டைமாடியில், மாதத்தில் ஓரிரு மாலைகள் சிறிய தொலைகாட்டி ஒன்றை வைத்து, அயலிலுள்ள பிள்ளைகளுக்கும் அவர்களோடு வரும் பெற்றோருக்கும் சந்திரனைக் காட்டி வருகின்றோம். தொலைகாட்டியிலிருந்து கண்ணை எடுத்ததும் அநேகமாக எல்லோரும் கேட்பது பள்ளங்களைப் பற்றித்தான். அவை எப்படி வந்தன, ஏன் ஓரிடத்தில் நெருங்கியும் வேறோரிடத்தில் அருகியும் கிடக்கின்றன, பூமியில் ஏன் தென்படுவதில்லை என்று கேட்கிறார்கள். நின்ற நிலையில் சொல்லி முடிக்க இயலாத பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கின்றேன்.

மோதல் பள்ளம் என்பது என்ன? கல் விழுந்த குழி என்று சொன்னால் போதாதா?

போதாது. விண்ணிலிருந்து வரும் பாறை பூமியை அடையும்போது அதன் வேகம் சராசரியாகச் செக்கனுக்கு 20 கிலோமீற்றர் அளவில் இருக்கும். அந்த வேகத்தில் மோதும் பாறை நிலத்தைக் குடைந்துகொண்டு போவதில்லை. அதன் இயக்க ஆற்றல் முழுவதும் நொடிப்பொழுதில் அதிர்ச்சி அலையாகவும் வெப்பமாகவும் மாற, பாறை பெரும்பாலும் உருகி ஆவியாகிவிடுகிறது. மோதிய இடத்திலிருந்து நிலம் நாற்புறமும் பிளந்து தெறிக்கிறது. ஆகவே மோதல் பள்ளம் என்பது ஒரு வெடிப்பின் தழும்பு. பள்ளத்தின் விட்டம் மோதிய பாறையின் விட்டத்தைப் போலப் பத்து முதல் இருபது மடங்கு வரை இருப்பதும், பாறை சாய்வாக வந்தாலும் பள்ளம் வட்டமாக அமைவதும் இதனால்தான். மிகத் தாழ்ந்த கோணத்தில், ஏறத்தாழ 15 பாகைக்கும் குறைவான சரிவில் வந்தால் மட்டுமே பள்ளம் நீள்வட்டமாகிறது.

வட்ட வடிவம் நீண்ட காலம் அறிஞர்களைக் குழப்பியது. 1665 இல் ஆங்கில அறிவியலாளர் ராபர்ட் ஹூக் ஈரக் களிமண்ணில் குண்டுகளைப் போட்டுப் பார்த்தார். கொதித்து அடங்கும் வெண்களிக்கல் தூளில் குமிழிகள் உடைந்து விட்டுச்செல்லும் குழிகளையும் பார்த்தார். அத்தனை குண்டுகள் எங்கிருந்து வந்திருக்கக்கூடும் என்பதற்கு விடை காணாமல், உள்ளிருந்து எழும்பிய குமிழிகளே காரணம் என்ற பக்கம் சாய்ந்தார். சாய்வாக வரும் கல் எப்படி வட்டக் குழியை உண்டாக்கும் என்ற கேள்வியும் சேர்ந்துகொள்ள, சந்திரனின் பள்ளங்கள் எரிமலை வாய்கள் என்ற கருத்து இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை செல்வாக்கோடு இருந்தது. அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள 1.2 கிலோமீற்றர் அகலப் பள்ளத்தில், மிகக் கடுமையான அழுத்தத்தில் மாத்திரமே உருவாகும் கோசைற் என்ற கனிமத்தை இயூஜின் ஷூமேக்கரும் உடன் ஆய்வாளர்களும் 1960 இல் அடையாளம் கண்டபோது, மோதலுக்கு மறுக்க முடியாத சாட்சி கிடைத்தது.

பிள்ளைகளுக்கு இதைக் காட்டுவதற்கு நாங்கள் ஒரு தாம்பாளத்தில் கோதுமை மாவை இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்பி, அதன்மேல் கொக்கோத் தூளை மெல்லிதாகத் தூவி, ஆள் உயரத்திலிருந்து கண்ணாடிப் போளையைப் போட விடுவோம். குழியைச் சுற்றி உயர்ந்த விளிம்பும், பழுப்பு நிறத்தின்மேல் நீண்டு தெறித்த வெள்ளைக் கதிர்களும் உடனே தோன்றும். சந்திரனில் டைக்கோ என்ற பள்ளத்தைச் சுற்றிக் காணப்படும் ஒளிக்கதிர்களும் இப்படித் தெறித்த புதுப்பொருளே. ஆனால் போளை குழியின் நடுவில் முழுதாகக் கிடப்பதைப் பார்த்து, உண்மையான பள்ளத்தின் அடியிலும் விண்கல் புதைந்திருக்கும் என்று பிள்ளைகள் எண்ணிவிடுகிறார்கள். அந்த ஓர் இடத்தில் இந்தப் பரிசோதனை வழிதவறச் செய்கிறது; ஆகையால் அதை ஒவ்வொரு முறையும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பள்ளங்கள் அதிகமுள்ள இடத்தில் கற்கள் அதிகமாக விழுந்தன என்று கொள்ளலாமா?

பெரும்பாலும் கொள்ள முடியாது. இந்தப் பக்கத்தில் நான் சொல்ல விரும்பும் முதன்மையான செய்தியும் இதுதான்.

மாலை வேளையில் வெள்ளவத்தைக் கடற்கரைக்குப் போனால், புகையிரதப் பாதைக்கு அருகிலுள்ள உலர்ந்த மணலில் காலடித் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிக் கிடக்கும். அலை வந்து திரும்பும் ஈர மணலில் ஓரிரண்டுதான் தெரியும். இதைக் கொண்டு மனிதர்கள் தண்டவாளத்தின் ஓரமாகவே நடக்கிறார்கள் என்று முடிவு செய்தால் தவறாகிவிடும், ஏனெனில் மிகுதியானோர் கால் நனைத்து நடப்பது அலையோரத்தில்தான். தடம் எங்கே பதிந்தது என்பதைவிட எங்கே அழியாமல் நின்றது என்பதையே அந்த மணல் காட்டுகிறது. சூரிய மண்டலத்தில் அலையின் வேலையைச் செய்பவை எரிமலைக் குழம்பு, காற்று, நீர், பனிக்கட்டி, புவித்தட்டுகளின் நகர்வு முதலியன. அவை ஓய்ந்துவிட்ட உலகங்களில் நான்கு பில்லியன் ஆண்டுகளுக்கு முந்திய பள்ளங்களும் இருக்கின்றன. ஓயாத உலகங்களில் நேற்றையதும் மிஞ்சுவதில்லை.

கொழும்பிலிருந்து சந்திரனின் பள்ளங்களைப் பார்க்கச் சிறந்த நாள் எது? போயா விடுமுறையன்று பார்க்கலாமா?

போயா நாளில் எல்லோருக்கும் ஓய்வு இருப்பதால் அன்றே வரட்டுமா என்று பலர் கேட்கிறார்கள். வருத்தத்தோடுதான் மறுக்க வேண்டியிருக்கிறது. முழுநிலவன்று சூரிய ஒளி சந்திரனின் முகத்தில் நேராக விழுவதால் நிழலே இருப்பதில்லை. நிழல் இல்லாமல் பள்ளத்தின் ஆழமும் விளிம்பின் உயரமும் கண்ணுக்குப் புலப்படமாட்டா. அன்று நன்றாகத் தெரிவன டைக்கோ, கொப்பர்னிக்கஸ் போன்ற இளம் பள்ளங்களின் ஒளிக்கதிர்களும் கருநிறச் சமவெளிகளும் மட்டுமே.

வளர்பிறை அட்டமியை ஒட்டிய மாலைகளே பொருத்தமானவை. பொழுது சாய்ந்ததும் அரைச் சந்திரன் நமக்கு ஏறத்தாழ உச்சியில் நிற்கும். ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டின் ஓரமாக ஒவ்வொரு பள்ளமும் பாதி நிழலில் மூழ்கி, மறுபாதி விளிம்பு மின்னும். தொலெமேயஸ், அல்பொன்சஸ், அர்சாக்கெல் என்ற மூன்றும் வரிசையாக அப்போது தெரியும். இன்னும் ஓரிரண்டு நாள் கழித்துத் தெற்கே பார்த்தால் கிளாவியஸ் தெரியும். 225 கிலோமீற்றருக்கும் அதிக அகலமான அந்தப் பள்ளத்துக்குள் சிறு பள்ளங்கள் சில, ஒன்றைவிட ஒன்று சிறிதாக, வில்போல வளைந்து கிடக்கின்றன. பெரியது முந்தியது, அதற்குள் கிடப்பவை பிந்தியவை என்பதைக் கண்ணால் கண்டு அறிய இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஒன்றின்மேல் ஒன்று விழுந்த பள்ளங்களில் மேலே முழுமையாக இருப்பதே இளையது. சந்திரனின் வரலாறு இந்த எளிய விதியில்தான் தொடங்குகிறது.

சந்திரனின் நம் பக்கத்தில் பள்ளங்கள் குறைவாகவும் மறுபக்கத்தில் அதிகமாகவும் இருப்பது, பூமி கேடயமாக நின்று காப்பதாலா?

இல்லை. சந்திரனில் நின்று பார்த்தால் பூமி வானத்தில் ஏறத்தாழ 2 பாகை அகலத்தையே பிடிக்கும். அவ்வளவு சிறிய தட்டு ஓர் அரைக்கோளம் முழுவதையும் காக்க இயலாது. இரு பக்கங்களிலும் அடி ஏறத்தாழ ஒரே அளவில்தான் விழுந்தது. பின்னர் நடந்ததில்தான் வேறுபாடு.

மிகப் பழைய காலத்தில் பெரும் மோதல்கள் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அகலமான படுகைகளைத் தோண்டின. அதன்பின் உள்ளிருந்து எரிமலைக் குழம்பு கசிந்து எழுந்து அந்தப் படுகைகளை நிரப்பி, அங்கிருந்த பழைய பள்ளங்களை மூடி, சமவெளியாக உறைந்தது. நாம் முயல் என்றும் பாட்டி என்றும் கதை சொல்லிப் பார்க்கும் கருநிறத் திட்டுகள் இவையே. கலிலியோவின் காலத்தவர் இவற்றைக் கடல்கள் என்று எண்ணியதால் இன்றும் கடல் என்றே பெயர் வழங்குகிறது. நம் பக்கத்தில் இவை ஏறத்தாழ 31 விழுக்காட்டை மூடியுள்ளன. மறுபக்கத்தில் 2 விழுக்காடு அளவுதான். மறுபக்கத்தில் சந்திரனின் மேலோடு தடித்திருப்பதால் குழம்பு எளிதில் மேலே வரவில்லை என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். மேலோடு ஏன் ஒரு பக்கம் தடித்தது என்பது இன்னும் விவாதத்திலிருக்கும் கேள்வி.

1959 ஒக்டோபரில் சோவியத்தின் லூனா 3 மறுபக்கத்தை முதன்முறையாகப் படமெடுக்கும் வரை இந்த வேறுபாட்டை யாரும் அறிந்திருக்கவில்லை. அந்தப் பக்கத்தில்தான் தென்துருவ ஐற்கன் படுகை, ஏறத்தாழ 2500 கிலோமீற்றர் அகலத்தில், சந்திரனின் மிகப் பெரிய பழந்தழும்பாகக் கிடக்கிறது. 2024 ஜூனில் சீனாவின் சாங்-இ 6 அங்கிருந்து இரண்டு கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவான மண்ணைக் கொண்டுவந்தது. மறுபக்க மண் மனிதர் கைக்கு வந்தது அதுவே முதல் முறை.

உண்மையில் அடிகளே சமமின்றி விழுந்த ஓர் இடமும் உண்டு. சந்திரன் ஒரே முகத்தைப் பூமிக்குக் காட்டியபடி சுற்றுவதால், அது நகரும் திசையை நோக்கிய அரைக்கோளம் எப்போதும் ஒன்றேதான். மழையில் ஓடும் பஸ்ஸின் முன்கண்ணாடி பின்கண்ணாடியைவிட அதிகம் நனைவதுபோல, அந்த முன்பக்கத்தில் ஒளிக்கதிருடைய இளம் பள்ளங்கள் ஓரளவு கூடுதலாகக் காணப்படுகின்றன.

பள்ளங்களை எண்ணி ஒரு நிலத்தின் வயதைச் சொல்கிறார்களே, அது எப்படி முடிகிறது?

நிலம் எவ்வளவு காலம் திறந்து கிடந்ததோ அவ்வளவு பள்ளங்கள் சேர்ந்திருக்கும் என்பதே அடிப்படை. ஆனால் எண்ணிக்கையை ஆண்டுகளாக மாற்ற, வயது வேறு வழியில் தெரிந்த சில இடங்கள் வேண்டும். 1969 முதல் 1972 வரை அப்பல்லோ பயணங்கள் கொண்டுவந்த 382 கிலோகிராம் பாறையும் மண்ணும் அதைத் தந்தன. கதிரியக்க முறையில் பாறையின் வயதை அளந்து, அது எடுக்கப்பட்ட சமவெளியில் பள்ளங்களை எண்ணி, இரண்டையும் பொருத்தினார்கள். அந்தப் பாறைகளில் பெரும்பாலானவை மூன்று பில்லியன் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. இளைய பக்கத்தில் பெரிய இடைவெளி இருந்தது. 2020 டிசம்பரில் சாங்-இ 5 கொண்டுவந்த, ஏறத்தாழ 2 பில்லியன் ஆண்டு வயதுடைய பசால்ட் என்ற எரிமலைப் பாறை அந்த இடைவெளியின் நடுவே ஒரு புள்ளியை வைத்தது. செவ்வாய், புதன், வெள்ளி எல்லாவற்றுக்கும் சொல்லப்படும் வயதுகள் சந்திரனில் பெற்ற இந்த அளவுகோலை மாற்றியமைத்துப் பெறப்படுபவையே. ஆகவே செவ்வாயின் ஒரு சமவெளிக்கு இத்தனை பில்லியன் ஆண்டு என்று படிக்கும்போது அதில் கணிசமான தளர்வு இருக்கும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இந்த முறைக்கு இரண்டு இடையூறுகள் உண்டு. கோடைக்குப் பின் முதல் மழை புழுதி முற்றத்தில் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். முதல் துளிகளைத் தனித்தனியே எண்ணலாம். சற்று நேரத்தில் முற்றம் முழுவதும் குழியாகிவிட, அதற்குமேல் விழும் ஒவ்வொரு துளியும் பழைய குழி ஒன்றை அழித்தே தன் குழியை உண்டாக்கும். எண்ணிக்கை அங்கே நின்றுவிடும். சந்திரனில் எரிமலைக் குழம்பு மூடாத மேட்டுநிலங்கள், சில அளவுப் பள்ளங்களைப் பொறுத்தவரை இந்த நிரம்பல் நிலையை எட்டியவை. மிகப் பழையவை என்று சொல்லலாம், எவ்வளவு பழையவை என்று எண்ணிக்கை மட்டும் சொல்லாது. இரண்டாவது இடையூறு, பெரிய மோதலில் தெறிக்கும் பாறைத்துண்டுகள் திரும்ப விழுந்து உண்டாக்கும் இரண்டாம் நிலைப் பள்ளங்கள். செவ்வாயில் 10 கிலோமீற்றர் அகலமான சூனில் என்ற ஒரே பள்ளம் ஏறத்தாழ ஒரு கோடி சிறு பள்ளங்களைப் பெற்றுப்போட்டதாகக் கணித்திருக்கிறார்கள். சிறு பள்ளங்களை மட்டும் எண்ணி வயது சொல்வதில் நான் அவ்வளவாக நம்பிக்கை வைக்காததற்கு இதுவே காரணம்.

புதன் கோள் சந்திரனைப் போலவே தோன்றுகிறதே?

முதற்பார்வையில் அப்படித்தான். வளிமண்டலம் என்று சொல்லத்தக்கது இல்லை. 1550 கிலோமீற்றர் அகலமான கலோரிஸ் படுகையும் எண்ணற்ற பள்ளங்களும் உண்டு. ஆனால் பள்ளங்களுக்கு இடையே பரந்த சமவெளிகள் காணப்படுவதால், புதனின் பழைய எரிமலைகள் மிக முந்திய தழும்புகளை மூடிவிட்டன என்று தெரிகிறது. அங்கே உள்ள பள்ளங்களுக்குக் கலைஞர், கவிஞர், இசைவாணர் பெயர்களைச் சூட்டுவது மரபு. காளிதாசருக்கும் தியாகராஜருக்கும் அங்கே இடம் கிடைத்திருக்கிறது.

வெள்ளியில் பள்ளங்கள் மிகக் குறைவு என்கிறார்கள். அடர்ந்த வளிமண்டலம்தான் காரணமா?

பாதிக் காரணம் அது. வெள்ளியின் தரையில் அழுத்தம் பூமியினதைப் போல 90 மடங்குக்கு மேல். சிறிய பாறைகள் அந்த அடர்காற்றுக்குள் நொறுங்கிவிடுவதால், சில கிலோமீற்றருக்கும் குறைந்த அகலமுடைய பள்ளங்கள் அங்கே அநேகமாக இல்லை. சில இடங்களில் பள்ளமே இல்லாமல் கருந்திட்டு மட்டும் தெரிகிறது; பாறை தரையைத் தொடுமுன்னே வெடிக்க, அதன் அதிர்ச்சி நிலத்தை அறைந்த அடையாளம் அது.

மற்றப் பாதிதான் வியப்பானது. 1990 முதல் 1992 வரை மகெல்லன் விண்கலம் றேடார் மூலம் வெள்ளியின் 98 விழுக்காட்டைப் படமாக்கியபோது, மொத்தம் ஆயிரத்துக்கும் சற்றுக் குறைவான பள்ளங்களே இருந்தன. பெரிய பாறைகளை எந்தக் காற்றும் தடுக்காது. ஆகவே பெரிய பள்ளங்களும் குறைவாக இருப்பதற்கு நிலம் இளையது என்பதே விளக்கம். சில நூறு மில்லியன் ஆண்டுகள் என்று மதிப்பிடுகிறார்கள். அதைவிட விந்தை, அந்தப் பள்ளங்கள் கோள் முழுவதும் கைகொண்டு எறிந்த விதைபோல ஒழுங்கின்றிப் பரவியிருப்பதும், மிகுதியானவை சிதையாமல் இருப்பதும். சந்திரனில்போல இங்கே பழைய நாடு, அங்கே புதிய நாடு என்று பிரிக்க முடியவில்லை. ஒரே பெரும் எரிமலை எழுச்சியில் கோளின் முகம் முழுவதும் குறுகிய காலத்தில் புதுப்பிக்கப்பட்டது என்பது ஒரு தரப்பு. சிறு சிறு பகுதிகளாக, தொடர்ந்து, எங்கும் ஒரே விகிதத்தில் மூடப்பட்டு வந்தாலும் இதே தோற்றம் வரும் என்பது மறுதரப்பு. ஆயிரம் பள்ளங்களை வைத்துக்கொண்டு இந்த வழக்கைத் தீர்ப்பது கடினம். எனக்கு இரண்டாவது தரப்பே இயல்பாகப் படுகிறது.

வெள்ளியின் பள்ளங்களுக்குப் பெண்களின் பெயர்களே சூட்டப்படுகின்றன. அவற்றுள் ஏறத்தாழ 20 கிலோமீற்றர் அகலமான ஒன்றுக்கு நம் ஔவையாரின் பெயர். இதைச் சொல்லும்போது மொட்டைமாடியில் எழும் மகிழ்ச்சி ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்கிறது.

பூமியில் எத்தனை உண்டு? இலங்கையில் ஏதேனும் இருக்கிறதா?

உறுதி செய்யப்பட்டவை ஏறத்தாழ 200. சந்திரனில் ஒரு கிலோமீற்றருக்கு மேற்பட்ட பள்ளங்கள் 13 இலட்சத்துக்கும் அதிகமாக எண்ணப்பட்டிருப்பதோடு இதை ஒப்பிட வேண்டும். பூமி பெரியது, ஈர்ப்பும் கூடியது. சந்திரனைவிட அதிகமாகவே அடி வாங்கியிருக்கிறது. மழை அரித்தது, மண் மூடியது, மலைகள் மடிந்தன, கடலடித் தட்டுகள் மீண்டும் உள்ளே சென்றன. கடற்றரையில் 20 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பகுதி மிகமிக அரிது. அதனால்தான் அறியப்பட்டவற்றில் மிகுதியானவை கனடா, ஸ்கண்டிநேவியா, அவுஸ்திரேலியா போன்ற மிகப் பழைய, அசைவற்ற நிலப்பாகங்களில் இருக்கின்றன. அங்கே புவிச்சரிதவியலாளர் தேடியதும் அதிகம் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். பரவலைக் காட்டும் உலகப்படம் ஓரளவுக்குத் தேடியவர்களின் பரவலையும் காட்டுகிறது.

இலங்கையில் உறுதி செய்யப்பட்ட மோதல் பள்ளம் எதுவும் இல்லை. நமக்கு அண்மையில் இந்தியாவின் மகாராஷ்டிரத்தில் லோனார் ஏரி இருக்கிறது. 1.8 கிலோமீற்றர் அகலமான அந்தப் பள்ளம் எரிமலைப் பாறையான பசால்ட்டில் தோண்டப்பட்டிருப்பதால், சந்திரச் சமவெளிப் பள்ளங்களோடு ஒப்பிட உலகெங்குமிருந்து ஆய்வாளர் வருகிறார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஐயா ஒருவர், நிலாவரைக் கிணறு விண்கல் விழுந்து உண்டானதா என்று கேட்டார். அல்ல. குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லை நிலத்தடி நீர் கரைத்து, மேற்கூரை இடிந்து உண்டான ஆழ்குழி அது. ஆனாலும் அவருடைய கேள்வி வீணானதன்று. மெக்சிக்கோவின் யுகட்டான் குடாநாட்டிலும் நிலாவரை போன்ற சுண்ணாம்புக்கல் நீர்க்குழிகள் ஏராளம். அவற்றுள் ஒரு தொகுதி நூறு கிலோமீற்றருக்கும் மேற்பட்ட அகலத்தில் வில்போல வளைந்து கிடக்கிறது. அந்த வளைவின் கீழே, சுண்ணாம்புக்கல்லால் முழுக்க மூடப்பட்டு, 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களின் காலத்தை முடித்துவைத்த சிக்சுலுப் பள்ளம் புதைந்திருக்கிறது. தனித்தனிக் குழிகள் மோதலால் வந்தவையல்ல. அவை நிற்கும் வரிசைதான் மோதலின் விளிம்பு.

செவ்வாயின் வடக்கும் தெற்கும் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன?

1965 ஜூலையில் மரினர் 4 விண்கலம் செவ்வாயைக் கடந்து சென்றபோது எடுத்த 22 படங்களில், பயன்பட்டவற்றில் தெரிந்தவை பெரும்பாலும் பள்ளங்கள். செவ்வாய் இன்னொரு சந்திரன், செத்த உலகம் என்று பலர் முடிவுகட்டினார்கள். அந்தப் பாதை தற்செயலாகப் பள்ளங்கள் நெருங்கிய பழைய நிலத்தின் மேலாகப் போயிருந்தது. 1971 இல் செவ்வாயை அடைந்த மரினர் 9 கோள் முழுவதையும் படமாக்கிய பிறகே பெரும் எரிமலைகளும் வறண்ட ஆற்றுப் படுகைகளும் வெளிப்பட்டன. ஓர் இடத்தின் பள்ளங்களைப் பார்த்து முழு உலகத்தையும் மதிப்பிடுவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இந்த ஆறு ஆண்டுகளை நான் எப்போதும் எடுத்துக் காட்டுவேன்.

தெற்கு உயர்ந்த நிலம், பள்ளங்கள் நெருங்கியது. 2300 கிலோமீற்றர் அகலமான ஹெல்லஸ் படுகையும் அங்கேதான். வடக்கு தாழ்ந்த சமவெளி, பள்ளங்கள் அரிது. ஆனால் வடக்கின் சமவெளிக்குக் கீழே புதைந்துபோன வட்டத் தாழ்வுகளை உயர அளவீடும் றேடாரும் காட்டியிருக்கின்றன. அடித்தளம் தெற்கைப் போலவே பழையது. மேலே விரித்த பாய் மட்டுமே புதிது. செவ்வாயில் ஒரு கிலோமீற்றருக்கு மேற்பட்ட பள்ளங்கள் 3 இலட்சத்து 84 ஆயிரம் எண்ணப்பட்டிருக்கின்றன. அவற்றுள் பலவற்றின் தெறிபொருள், சேறு வழிந்து நின்றதுபோல ஓரம் தடித்திருப்பதால், நிலத்தடியில் பனிக்கட்டி இருந்தது என்று ஊகிக்கிறார்கள்.

தெற்கிலுள்ள ஒரு பள்ளத்தின் பெயரை ஆங்கில எழுத்துகளில் பார்த்து, நம் காலி நகரத்தின் பெயரா என்று கேட்கிறார்கள். எழுத்துகள் ஒன்றே, ஆள் வேறு. 1846 இல் நெப்டியூனைக் கண்டுபிடித்த ஜேர்மனிய வானியலாளர் யோஹான் கொட்பிரீட் காலேயின் நினைவாக வைத்த பெயர் அது. ஏறத்தாழ 230 கிலோமீற்றர் அகலமான அந்தப் பள்ளத்துக்குள் இரு கண்ணும் வாயும்போல மேடுகள் அமைந்திருப்பதால் சிரித்த முகமாகத் தெரியும். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த படம்.

வியாழனின் நான்கு பெரிய சந்திரன்களும் ஒரே குடும்பம்தானே, அவற்றின் முகங்கள் ஏன் ஒத்திருக்கவில்லை?

காலடித் தடங்களைப் பற்றி மேலே சொன்னதற்கு இதைவிட வலுவான சான்று சூரிய மண்டலத்தில் இல்லை. வியாழனின் பேரீர்ப்பு அருகில் வரும் வால்வெள்ளிகளைத் தன்பால் குவித்து, வேகத்தையும் கூட்டுகிறது. ஆகவே வியாழனுக்கு மிக அருகிலுள்ள அயோவில் ஒரு சதுர கிலோமீற்றருக்கு விழும் அடி மிகுதி. மிகத் தொலைவிலுள்ள கலிஸ்ரோவில் மிகக் குறைவு. கண்டதோ நேர்மாறு. அயோவில் ஒரு மோதல் பள்ளம்கூட இதுவரை காணப்படவில்லை; கலிஸ்ரோவில் வைப்பதற்கு இடமில்லாத அளவுக்குப் பள்ளங்கள்.

வியாழனின் ஈர்ப்பு அயோவை ஒவ்வொரு சுற்றிலும் பிசைந்து சூடாக்குவதால் அங்கே 400 க்கும் மேற்பட்ட எரிமலைகள் இயங்குகின்றன. விழும் பள்ளம் எதுவும் நிலைக்குமுன் கந்தகமும் குழம்பும் அதை மூடிவிடுகின்றன. அடுத்தது யுரோப்பா. அதன் பனி ஓட்டில் பெரிய பள்ளங்கள் மிகச் சிலவே. மேற்பரப்பின் வயது 40 முதல் 90 மில்லியன் ஆண்டுகள் என்று மதிப்பிடுகிறார்கள். கனிமீடின் முகம் இரு நிறம். கருநிறப் பழைய நிலத்தில் பள்ளங்கள் நெருங்கியும், வரிவரியாகப் பிளந்த வெளிர் நிலத்தில் குறைந்தும் இருக்கின்றன. கலிஸ்ரோ உள்ளே அமைதியடைந்த உலகம். அங்கேயுள்ள வல்ஹல்லா என்ற தழும்பின் வளையங்கள் ஏறத்தாழ 3800 கிலோமீற்றர் அகலத்துக்குப் பரவியிருக்கின்றன.

கனிமீடிலும் கலிஸ்ரோவிலும் மணி கோத்ததுபோல நேர்வரிசையில் நிற்கும் பள்ளத் தொடர்களும் உண்டு. ஷூமேக்கர்-லெவி 9 வால்வெள்ளி வியாழனின் ஈர்ப்பால் இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகளாகி வரிசையாகச் செல்வதை 1993 இல் கண்ட பிறகு, அந்த வரிசைகளுக்கு விளக்கம் கிடைத்தது. அந்தத் துண்டுகள் 1994 ஜூலையில் ஒன்றன்பின் ஒன்றாக வியாழனில் விழுந்தன. முற்காலத்தில் அப்படி உடைந்த வால்வெள்ளிகளின் வழியில் ஒரு சந்திரன் குறுக்கே வந்திருக்கிறது.

வியாழனிலோ சனியிலோ பள்ளம் இல்லை, ஏனெனில் பள்ளம் விழ அங்கே நிலமே இல்லை.

சனியின் சந்திரன்களில் குறிப்பிடத்தக்கது எது?

மைமாஸ் 400 கிலோமீற்றருக்கும் குறைவான விட்டமுடையது; அதன் ஒரு பக்கத்தில் அந்த விட்டத்தின் மூன்றில் ஒரு பங்கு அகலத்துக்கு ஹேர்ஷல் என்ற பள்ளம். இன்னும் சற்றுப் பெரிய அடி விழுந்திருந்தால் அந்தச் சந்திரன் நொறுங்கியிருக்கும். அதற்கு அடுத்துள்ள பெரிய சந்திரனான என்செலடசின் வடபாகத்தில் பள்ளங்கள் நெருங்கியிருக்க, தென்துருவத்தில் ஒன்றும் இல்லை. 2005 இல் கசினி விண்கலம் அந்தத் தென்துருவப் பிளவுகளிலிருந்து நீராவியும் பனித்துகளும் பீறிடுவதைக் கண்டது. ஒரே சிறு உலகத்தில் பழைய நிலமும் இன்னும் இயங்கும் நிலமும் இப்படி எதிரெதிரே நிற்பது அபூர்வம். சனியின் மிகப் பெரிய சந்திரனான ரைட்டனின் தடித்த வளிமண்டலம் சிறு பாறைகளைத் தடுக்க, மணற்குன்றுகளும் மெதேன் மழையும் மற்றவற்றை அழித்து வருகின்றன. அங்கே எண்ணக் கிடைப்பவை சில பத்துகள் மாத்திரமே.

எண்ணிக்கை நிலத்தின் வயதை மட்டும்தான் சொல்லுமா? வந்து மோதியவற்றைப் பற்றி ஒன்றும் சொல்லாதா?

சொல்லும், நிலம் நன்றாகப் பாதுகாக்கப்பட்டிருந்தால். 2015 ஜூலை 14 அன்று நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் புளூட்டோவைக் கடந்தபோது இரண்டு பாடங்கள் ஒருங்கே கிடைத்தன. புளூட்டோவின் ஸ்புட்னிக் சமவெளியில், கிளறிக்கொண்டேயிருக்கும் நைதரசன் பனியால், ஒரு பள்ளமும் இல்லை. அதன் துணையான கரோனிலோ பழைய நிலம் இருக்கிறது. பெரிய பள்ளங்களும் இருக்கின்றன. ஆனால் எதிர்பார்த்த அளவுக்குச் சிறியவை இல்லை. சிறியவற்றை மட்டும் தேர்ந்து அழிக்கும் வேலை எதுவும் அங்கே நடந்ததாகத் தோன்றாததால், நெப்டியூனுக்கு அப்பாலுள்ள மண்டலத்தில் சிறு பாறைகளே குறைவு என்ற முடிவுக்கு ஆய்வாளர் வந்தனர். தொலைகாட்டியால் காண இயலாத அளவு சிறிய பொருள்களின் தொகையை ஒரு சந்திரனின் முகத்திலிருந்து படித்தெடுத்தது இந்தத் துறையின் அழகான செயல்களில் ஒன்று.

சில பள்ளங்களின் நடுவில் மலை ஏன் நிற்கிறது?

பெரிய மோதலில் அமுக்கப்பட்ட தரை மீண்டெழுந்து அப்படியே உறைவதால். இந்த மாற்றம் எந்த அளவில் தொடங்கும் என்பதை ஈர்ப்பு தீர்மானிக்கிறது. பூமியில் 2 முதல் 4 கிலோமீற்றர் அகலத்திலேயே தொடங்கிவிடும். சந்திரனில் ஏறத்தாழ 15 முதல் 20 கிலோமீற்றர் வேண்டும்.

புதிய பள்ளங்கள் இப்போதும் உண்டாகின்றனவா?

உண்டாகின்றன. 2013 மார்ச் 17 அன்று சந்திரனில் மோதலால் எழுந்த மின்னல்போன்ற ஒளி பூமியிலிருந்து பதிவாயிற்று. பின்னர் சந்திரனைச் சுற்றும் விண்கலம் அதே இடத்தில் 18 மீற்றர் அகலமான புதுப் பள்ளத்தைப் படமெடுத்தது. 2021 டிசம்பர் 24 அன்று செவ்வாயில் விழுந்த பாறையின் அதிர்வை இன்சைற் விண்கலத்தின் நிலநடுக்கமானி உணர்ந்தது. ஏறத்தாழ 150 மீற்றர் அகலமான அந்தப் பள்ளத்தைச் சுற்றி வெண்பனிக்கட்டிப் பாளங்கள் சிதறிக் கிடந்தன.

பாடசாலை மாணவர் தாமாகவே எண்ணிப் பார்க்க வழி உண்டா?

உண்டு, செலவில்லாதது. அரைச் சந்திரனின் தெளிவான படமொன்றை அச்செடுத்து, அதன்மேல் ஒரே அளவுள்ள இரு சதுரங்களை வரையுங்கள். ஒன்று தெற்கு மேட்டுநிலத்தின் நடுவில், மற்றது அமைதிக் கடலின் நடுவில் விழட்டும். இரண்டும் ஒளி–இருள் கோட்டிலிருந்து ஏறத்தாழ ஒரே தூரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிழலின் வேறுபாடு எண்ணிக்கையைக் கெடுத்துவிடும். எந்த அளவுக்கு மேற்பட்டவற்றை எண்ணுவது என்று முன்னரே தீர்மானித்து, அதைவிடச் சிறியவற்றை இரண்டிலும் விட்டுவிடுங்கள். எண்ணியதைப் பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள். பாதி அழிந்த வளையங்களை எண்ணுவதா விடுவதா என்பதில் இருவர் எண்ணினால் இரு விடை வரும். எங்கள் மாடியில் அக்காவும் தம்பியும் ஒரே சதுரத்தை எண்ணி, ஒருவர் 41 என்றும் மற்றவர் 57 என்றும் சொன்னார்கள். இருவரும் மீண்டும் அச்சுப்படத்தின்மேல் குனிந்தபோதுதான், தம்பி அழிந்த வளையங்களையும் சேர்த்து எண்ணியிருப்பது தெரியவந்தது.